மத்தி மீனும் மூன்று மாத வாய்தாவும்

எனக்கு ஊசி என்றால் பயம். ஐம்பத்து மூன்று வயது ஆள் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும், படுகிறேன். ஆனால் வெட்கத்தைவிடப் பயம் பெரிது. ரத்தம் எடுக்கும் இடத்தில் கையை அங்கிருக்கும் பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கண்ணைச் சுவரில் மாட்டியிருக்கும் முருகன் படம் போட்ட நாள்காட்டியில் வைத்துக்கொள்வேன். "பஞ்சை அழுத்திப் பிடிங்க சார்" என்று அவர் சொல்லும் நேரத்தில் கிறங்கிய என் கண்ணுக்கு நாள்காட்டி முருகனுக்கு எப்படியும் மூன்று வேலாவது முளைத்திருக்கும்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் அடையாறு டாக்டர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு மாத்திரைக்கும் அடங்கலை சார் உங்க சுகர். இனிமே இன்சுலின்தான்."

"அது மாத்திரையா வராதா டாக்டர்?"

"ஊசி. தினமும். நீங்களே வயித்துல போட்டுக்கலாம். ரொம்ப ஈசி."

வயிற்றில், தினமும், நானே, ஈசி. இந்த நாலு சொற்களும் ஒன்றாகச் சேர்ந்து வந்து நான் அதுவரை கேட்டதில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். பிறகு, கோர்ட்டில் வக்கீல்கள் வாய்தா கேட்பதுபோல, கொஞ்சம் அவகாசம் கேட்டேன்.

"சரி, மூணு மாசம். சாப்பாட்டை மாத்துங்க. நடுவுல ஒரு தடவை வந்து காட்டுங்க" என்றார். அவர் முகத்தில் நம்பிக்கை இருந்ததாகச் சொல்ல முடியாது.

என் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். காப்பீட்டு நிறுவனத்தில் மருத்துவச் செலவு கேட்டு வருகிற கோப்புகளைச் சரிபார்ப்பவன் நான். ஊரிலுள்ளவர்களின் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, நெஞ்சு அடைப்பு எல்லாவற்றையும் காலை பத்து முதல் ஒரு மணி வரை வரிவரியாகப் படிப்பேன். ஒரு மணிக்கு எழுந்து போய் பிரியாணி சாப்பிடுவேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கோப்புகளில் இருந்தவர்கள் எனக்கு அப்பா வயதுக்காரர்கள். நடுவில் என் வயதுக்காரர்கள் வந்தார்கள். இப்போது வருகிறவர்கள் என்னை அங்கிள் என்று கூப்பிடக்கூடிய வயதில் இருக்கிறார்கள். இதையும் படித்துவிட்டுத்தான் பிரியாணிக்கு எழுந்து போனேன்.

மந்தைவெளி வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி பதறவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ரிசல்ட் வரும் முன்பே யார் யார் ஃபெயில் என்று தெரிந்து வைத்திருப்பவள்.

"நான் பத்து வருஷமா சொன்னேன். கேட்டீங்களா? இப்ப ஊசி சொல்லுது, கேக்கறீங்க."

என் மகளோ மகிழ்ச்சியடைந்தாள். அதை மறைக்கக்கூட அவள் முயலவில்லை. கல்லூரியில் சுற்றுச்சூழல் படிக்கிறாள். ஒரு வீட்டின் சாப்பாட்டுத் தட்டினால் பூமி எவ்வளவு சூடாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அந்த வருடம் அவளுடைய புராஜெக்ட். எங்கள் வீட்டில் யாருடைய தட்டை எடுத்துக்கொள்வது என்ற கேள்விக்கே இடமில்லை.

"அப்பா, ஒவ்வொரு வேளையும் சாப்பிட உக்கார்றதுக்கு முன்னாடி தட்டை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடுங்க. உங்களுக்கு சுகர் குறையும், எனக்கு மார்க் வரும்."

"எனக்கு சுகர் வந்தா பூமி ஏம்மா சூடாகணும்?"

"ரெண்டும் ஒரே தட்டுலேர்ந்துதான்ப்பா வருது."

அன்றைக்கு இது எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த விதி நன்றாகப் புரிந்தது: சாப்பிட உட்காரும் முன் போட்டோ. இரண்டாம் முறை போட்டுக்கொள்வதைப் பற்றி விதியில் ஒரு வார்த்தை கிடையாது. இருபத்தைந்து வருடம் காப்பீட்டுத் துறையில் இருந்தவனுக்கு, ஒப்பந்தத்தில் எது எழுதப்படாமல் விட்டுப்போயிருக்கிறதோ அங்கேதான் கண் முதலில் போகும்.

அடுத்த ஞாயிறு லஸ் பக்கம் ஒரு இயற்கை அங்காடிக்குப் போனோம். உள்ளே சாம்பிராணிப் புகை, பனை ஓலைக் கூடைகள், பழுப்புக் காகிதப் பைகள். அரிசிதான் நமக்கெல்லாம் எமன் என்று கடைக்காரர் என்னிடம் ரகசியக் குரலில் சொன்னார். தினை, சாமை, வரகு, குதிரைவாலி, நாட்டுச் சர்க்கரை என்று இரண்டு பை நிறைய வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் என் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதுபோல் இருந்தது.

இங்கேதான் அந்தத் தவறு நடந்தது. மயிலாப்பூர் சுற்றுவட்டாரத்தில் இதைச் செய்த முதல் ஆள் நான் இல்லை என்பது ஒரு ஆறுதல்.

அரிசி இருந்தால்தான் அது சாப்பாடு. அரிசி இல்லாதது பலகாரம், அல்லது மருந்து. ஐம்பது வருடமாக எனக்குள் உறைந்து போயிருந்த சித்தாந்தம் இதுதான். ஆகவே தினை மருந்து. மருந்தை யாராவது அரைகுறையாகச் சாப்பிடுவார்களா? காலையில் மிளகு, முந்திரி, தாராளமாக நெய் ஊற்றிய தினைப் பொங்கல், அதன் தலையில் வடை. மதியம் சாமை சாம்பார் சாதம், பிறகு வரகு தயிர்சாதம். ஞாயிற்றுக்கிழமை குதிரைவாலி மட்டன் பிரியாணி. காபியில் வெள்ளைச் சர்க்கரை அறவே ஒழிந்தது. அதன் இடத்துக்கு நாட்டுச் சர்க்கரை வந்தது; இனிப்பு கொஞ்சம் மட்டு என்று தோன்றியதால் இரண்டு கரண்டி. போட்டோவுக்கு ஒரு தட்டு, போட்டோவுக்கு அப்பால் இரண்டு தட்டு.

ஆபீசில் பிரசாரமும் செய்தேன். அரிசி சாப்பிடுகிறவர்களைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்க்கிற பழக்கம் வந்தது. "நான் அரிசியைத் தொட்டு ஒரு மாசம் ஆச்சு" என்று லிஃப்டில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொன்னேன்.

ஒன்றரை மாதம் கழித்து டாக்டரிடம் போனபோது, பாராட்டை ஏற்றுக்கொள்ளும் தோரணையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏறியிருக்கு சார்" என்றார் அவர்.

காலை இறக்கினேன். "அரிசியே சாப்பிடலையே டாக்டர்!"

"அப்ப என்னதான் சாப்பிட்டீங்க?"

சொன்னேன். பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். குதிரைவாலி பிரியாணிக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"தினைன்னா என்ன சார், தண்ணியா? அதுவும் மாவுதான். நார் இருக்கு, கொஞ்சம் மெதுவா கரையும். அளவா சாப்பிட்டா நல்லது. நீங்க நாளைக்கு ஆறு தட்டு சாப்பிட்டா அது என்ன பண்ணும், பாவம்?"

"நாட்டுச் சர்க்கரை...?"

"அது எந்த நாட்டுச் சர்க்கரையா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான் சார். உங்க ரத்தத்துக்கும் ஒண்ணுதான்." பிறகு சீட்டில் எதையோ எழுதி அடிக்கோடிட்டார். "இன்னிலேர்ந்து மூணு மாசம். இதுதான் கடைசி. அப்புறம் வந்து வாய்தா கேக்கக் கூடாது."

அன்று மாலை வீட்டில் விசாரணை. மகள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போட்டோல இருக்கிறதை எல்லாம் கூட்டிப் பாத்தா இவ்ளோ ஏறவே கூடாதுப்பா. எங்கயோ இடிக்குதே."

என் மனைவி பருப்பைக் கடைந்துகொண்டே, தலையைத் திருப்பாமல், "போட்டோ எடுக்காத தட்டு எத்தனைன்னு கேளு" என்றாள்.

ஒப்புக்கொண்டேன். மகள் திட்டியிருந்தால் தேவலை. அவள் ஏதோ எண்களைத் திருத்திவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். திங்கள் முதல் சனி வரை என் தட்டு பூமியைச் சூடாக்கிய கணக்கு, வரிசையாக ஓட்டு வீடுகள் போலக் குட்டையான பட்டைகளாக நின்றது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவற்றின் பக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடம்போல எழும்பி நின்றது.

"அது என்ன?"

"அதுதான் உங்க மட்டன். ஆடு, மாடெல்லாம் அசைபோடும்போது மீத்தேன்னு ஒரு வாயு வரும். பூமியைச் சூடாக்கறதுல அது பெரிய ஆளு."

"ஆடு ஏப்பம் விட்டா அதுக்கும் நான்தான் பொறுப்பா?"

"நீங்க வாங்கறதாலதானே வளக்கறாங்க. தண்ணி நிக்கற நெல் வயல்லேர்ந்தும் அது வருது. அதுக்காகச் சோறே வேணாம்னு சொல்லலை. ஒரு ஆளுக்கு எவ்ளோ சோறுதான்ப்பா வேணும்?"

எங்கள் தெருவில் டிசம்பர் மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு வருடமும் நான் மாநகராட்சியைத் திட்டுவேன். பூமி சூடானால் மழையும் பேய்மழையாகக் கொட்டுமாம்; அந்தத் தண்ணீரில் என் மட்டன் பிரியாணிக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. மாநகராட்சியை மன்னித்துவிடவில்லை, ஆனால் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டேன். என் சர்க்கரைக்கும் பூமியின் சூட்டுக்கும் ஒரே மருந்துச் சீட்டு என்று மகள் இத்தனை நாளாகச் சொல்லிவந்தது அப்போதுதான் உள்ளே இறங்கியது.

புதிய ஏற்பாட்டைப் போட்டவள் மனைவி. தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, பயறு, அல்லது மீன். மிச்சமிருக்கும் கால் பங்குக்குள் அரிசியோ தினையோ எதுவானாலும் இருந்துகொள்ளலாம். இரண்டாம் முறை கிடையாது. ஐம்பது வருடமாக என் தட்டில் சோறுதான் வீட்டுக்காரர். பொரியல் ஓரத்தில் வாடகைக்கு ஒண்டியிருந்தது. இப்போது வீட்டுக்காரரை ஒரு சின்ன போர்ஷனுக்குத் தள்ளிவிட்டு, அவரைக்காயும் புடலங்காயும் வாழைத்தண்டும் நடுக்கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்தன. அடுப்பில் பெரிய பாத்திரத்தில் பொரியல் வெந்தது, சின்னப் பாத்திரத்தில் சோறு. மட்டன் மாதத்துக்கு ஒரு ஞாயிறு. மற்ற ஞாயிறுகளில் மீன்.

முதல் வாரம் கொடுமை. ஆபீஸ் வாசலில் நாலு மணிக்கு பஜ்ஜிச் சட்டி காயும் சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்கும் என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். டப்பாவைத் திறந்து காராமணிச் சுண்டலை ஒவ்வொரு மணியாகத் தின்றேன், சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று. இரண்டாம் வாரம் கொள்ளு. மூன்றாம் வாரம் மொச்சை. நாலாம் வாரத்தில் ஒரு விசித்திரம் நடந்தது: மதியம் இரண்டரை மணிக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நேரத்தில் நான் கண் விழித்து வேலை பார்ப்பதைக் கண்ட மேலதிகாரி என் அருகே வந்து, "வீட்ல ஏதாவது பிரச்சினையா சார்?" என்று தணிந்த குரலில் விசாரித்தார்.

மீன் வாங்கப் பட்டினப்பாக்கம் போவேன். அங்கே எனக்குப் பழக்கமான ஒரு மீன்காரம்மா உண்டு. என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டுவது அவர் வழக்கம். என்னிடம் பேரம் பேசும் தெம்பு கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அந்த முறை நான் வஞ்சிரத்தைத் தாண்டிப் போய் மத்திக்கு முன்னால் நின்றேன். சின்ன மீனாக வாங்குங்கள், இதயத்துக்கும் நல்லது, கடலுக்கும் பாரம் குறைவு என்பது மகள் உத்தரவு.

"இன்னா நைனா, மத்திய பாத்துகினு நிக்கற? வேலை கீலை போச்சா?"

"வேலையெல்லாம் இருக்கும்மா. டாக்டர் சொல்லிட்டாரு."

"டாக்டரே மத்திய துன்ன சொல்றாரா? நல்ல மனுசன். எங்கூட்டாண்ட அல்லாரும் இத்தான் துன்னுகினு கீறோம், ஒரு டாக்டரும் சொல்லாமலே."

பிறகு கத்தியை எடுத்துச் செதில் சீவ ஆரம்பித்தார். "கடலு முன்ன மாதிரி இல்ல நைனா. தண்ணி சூடாய்ட்ச்சாம். மீனு அப்டியே ஆழத்துக்கு போய்டுதுன்னு எங்கூட்டுக்காரு பொலம்பறாரு." மகளுடைய புராஜெக்டின் முன்னுரை முழுவதும் அந்த மூன்று வாக்கியத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். உடனே குறித்துக்கொண்டாள்.

மத்திக் குழம்பு இவ்வளவு ருசி என்று ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை? சொல்லியிருப்பார்கள். நான்தான் வஞ்சிரம் வாங்குகிற மனிதன் என்ற மிதப்பில் கேட்டிருக்க மாட்டேன்.

மூன்று மாதம் முடிந்தது. நாள்காட்டி முருகனைப் பார்த்துக்கொண்டே ரத்தம் கொடுத்தேன். மறுநாள் காலை டாக்டர் முன் இரண்டு காலையும் தரையில் வைத்து உட்கார்ந்தேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"இது உங்க ரத்தம்தானே?"

"சத்தியமா டாக்டர்."

"வர வேண்டிய இடத்துக்கு இன்னும் வரலை. ஆனா நல்லா இறங்கியிருக்கு. இதே மாதிரி போனா ஊசி வேண்டாம்."

வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தேன். வகுப்பில் இருந்தாள். மகளுக்குச் செய்தேன். பரீட்சையில் இருந்தாள். உலகத்தையே வென்றுவிட்டு வந்தவனுக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. ஆட்டோ பிடித்து நேரே பட்டினப்பாக்கம் போனேன்.

மீன்காரம்மா குடைக்கடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தூக்கு நிறையச் சோறு, அதன்மேல் குழம்பு. ஊசிக்கு நான் பயந்து நடுங்கியது முதல் அது தப்பியது வரை சொன்னேன்.

"அட்றா சக்க! ஊசி இல்லியா? அப்ப வஞ்சரம் எட்த்துக்கோ நைனா, கொண்டாடு!"

"மத்தியே போதும்மா. ஆமா, உங்க குழம்புல மீனையே காணோமே?"

"மீனெல்லாம் ஒன்னிய மாரி ஆளுக்கு. நீ மீன துன்ற, நான் கொழம்ப துன்றேன். ரேசன் அரிசி கீது, வயிறு ரொம்பணும்ல." ஒரு கவளத்தை விழுங்கிவிட்டு, பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் பாதி காலி செய்தார். "ஆனா இன்னான்னு தெர்ல, எம்மா தண்ணி குட்ச்சாலும் தாகம் அடங்க மாட்டேன்து. காலு வேற மதமதன்னு கீது."

இந்த இரண்டு வரிகளையும் நான் ஆயிரம் முறை படித்திருக்கிறேன். சர்க்கரை நோய்க் கோப்புகளின் முதல் பக்கத்தில் இவைதான் இருக்கும். கடைசிப் பக்கம் எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். என் கொண்டாட்டம் சட்டென்று கொஞ்சம் சுருங்கிப்போனது.

"எப்பவாவது சுகர் பாத்தீங்களாம்மா?"

"அத்தெல்லாம் ஒங்கள மாரி குந்திகினு துன்றவங்களுக்கு வர்றது."

"எல்லாருக்கும் வரும்மா. அதோ தெருமுனையில ரத்தம் எடுக்கற இடம். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்ல, மூணு மாச சராசரி பாக்கற டெஸ்ட் இருக்கு. பத்து நிமிஷம்."

"கடைய வுட்டுட்டு? யாரு பாத்துக்கறது, எங்க அப்பனா?"

"நான் இருக்கேன்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. "நீயா! ஏய், இந்த நைனா மீன் விக்கப் போவுதாம்டி!" ஆனால் எழுந்தார். இடது காலை ஒரு முறை உதறிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, "பெரிய மீன தொட்டுடாத. சின்னத மட்டும் வித்துகினு இரு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மனைப்பலகையில் உட்கார்ந்தேன். காப்பீட்டு அதிகாரி, வெள்ளைச் சட்டை, பையில் பேனா, எதிரே மீன். முதல் ஐந்து நிமிடம் ஈ ஓட்டினேன். அதையும் சரியாகச் செய்ததாகச் சொல்ல முடியாது. ஒரு அம்மாள் வந்து நின்று, "வஞ்சிரம் என்ன விலைங்க?" என்றார்.

"வஞ்சிரம் எதுக்கும்மா? மத்தி எடுத்துக்குங்க. இதயத்துக்கு நல்லது. சின்ன மீன், சீக்கிரம் வளரும், கடலுக்கும் பாரம் கம்மி. மட்டனோட ஒப்பிட்டா பூமிக்கும்..."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க மீன்காரரா, இல்ல ஸ்கூல் வாத்தியாரா?"

"ரெண்டும் இல்லைங்க. சும்மா உக்காந்திருக்கேன்."

"எங்க வீட்டுக்காரருக்கும் சுகர்தான். நீங்க வந்து அவருகிட்ட இதைச் சொல்றீங்களா? நான் சொன்னா கேக்கமாட்டேங்கறாரு." கொஞ்சம் யோசித்தார். "சரி, மத்தியே அரை கிலோ போடுங்க. சுத்தம் பண்ணிக் குடுங்க."

கத்தியைக் கையில் எடுத்தேன். மீன் என்னைப் பார்த்தது. ஒரு கோப்பைத் திறப்பதுபோல இதை எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மீன்காரம்மா திரும்பி வந்துவிட்டார். முழங்கை மடிப்பில் பஞ்சு.

"எந்திரி, எந்திரி. இன்னா, மீன மொறைச்சு பாத்துகினு கீற?" என்று என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். "ஊசி ஒண்ணியுமே இல்ல நைனா. எறும்பு கட்ச்ச மாரி. இதுக்கா நீ அந்த ஆட்டம் ஆடுன?"

"ரிசல்ட் எப்ப?"

"சாய்ங்காலமாம். நீதான் வந்து பட்ச்சி சொல்லணும்."

"வரேன்."

"இருந்தா இன்னா பண்றது?" சட்டென்று, சிரிப்பில்லாமல் கேட்டார்.

"சோத்தைக் கொறைச்சுக்கணும். கீரை, காய். அப்புறம், குழம்போட சேத்து மீனையும் சாப்பிடணும். கால் மதமதன்னு இருக்கறதை முதல்ல டாக்டர்கிட்ட காட்டணும். பெரியாஸ்பத்திரிக்கு நான் கூட வரேன்." இத்தனையையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். மூன்று மாதமாக மற்றவர்கள் எனக்குச் சொன்னதுதான்.

அவர் என் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டார். அரை கிலோ மத்தியையும் மளமளவென்று சீவி, வயிற்றைக் கீறி, கழுவி அந்த அம்மாளின் பையில் போட்டார். பிறகு கூடையில் குனிந்து நல்ல பருமனாக நாலு மத்தியைப் பொறுக்கி, ஒரு கவரில் சுற்றி, தான் உட்கார்ந்திருந்த பலகைக்குக் கீழே தள்ளி வைத்தார்.

அந்த அம்மாள் அதைக் கவனித்துவிட்டார். "அது நல்லா பெருசா இருக்கே. அதையும் சேத்துப் போடும்மா."

"அது வித்துட்ச்சும்மா."

"இப்பதானே எடுத்து வச்சீங்க? யாருக்கு?"

"எனுக்கு" என்றார் மீன்காரம்மா.